பேருந்தில் நின்றபடி கொடுத்த அனுமதி

மதுரையில் பயிற்சி முகாம், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களிடம் நீங்கள் வந்து பேச வேண்டும் என்று கூப்பிட்டார்கள். செகந்திராபாத்திலிருந்து மதுரைவரை ரயிலின் மேல் படுக்கையில் ஏறி இறங்க என் முட்டி சம்மதிக்கவில்லை. எழுதி அனுப்புகிறேன், படித்துக் காட்டுங்கள் என்றேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் இதைப் படிப்பார்கள், பாதிப் பேருக்குக் கண் சொருகும் என்பதும் தெரியும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது என் சாதனைக் கதை இல்லை, நான் செய்த ஒரு தப்பின் கதை. அடுத்தவர் தப்பைக் கேட்கும்போது யாருக்கும் தூக்கம் வராது.

நான் ஹைதராபாத்தில் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் சமூகப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். நீங்கள் செய்யப்போகும் அதே வேலைதான். நோயாலோ வேறு கஷ்டத்தாலோ பெற்றவர்களால் தற்சமயம் பார்த்துக்கொள்ள முடியாத குழந்தையை விடுதியில் போடாமல் ஒரு வீட்டில் வைத்து வளர்ப்பது நல்லது. அந்த வீட்டுக்காரர்களுக்கு வளர்ப்புப் பெற்றோர் என்ற அங்கீகாரம் கொடுக்கலாமா என்று போய்ப் பார்த்து அறிக்கை எழுதுவோம். முடிவு சொல்வது குழந்தைகள் நலக் குழு. தத்து வேறு, இது வேறு. தத்து எடுத்தால் பிள்ளை உங்களுடையது. இதில் பிள்ளை உங்களிடம் இருக்கும், ஆனால் உங்களுடையது இல்லை. எழுதுவதற்கு ஒரு வரிதான்.

எங்கள் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. ‘விண்ணப்பதாரருக்கும் குழந்தைக்கும் உள்ள உறவு.’ நான் பார்த்த எல்லா வழக்கிலும் அதில் ‘ஏதுமில்லை’ என்றே எழுதி வந்தேன். கை தானாக எழுதும். அந்தக் கட்டத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வரும் பெயர்கள் எல்லாம் மாற்றியவை.

செகந்திராபாத்தை ஒட்டிய அல்வாலில் இருந்து ஒரு தம்பதி விண்ணப்பித்தார்கள். கணவர் கோபால், பாதுகாப்புத் துறைப் பணிமனை ஒன்றில் டெக்னீஷியன். அப்பா காலத்திலேயே இங்கே வந்துவிட்ட குடும்பம், செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்தவர். அவர் பேசும் தமிழில் பாதி உருது. மனைவி வடிவு திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி வந்து இருபத்தைந்து வருஷமாகியும் தாமிரபரணித் தண்ணீர் நாக்கை விட்டு இறங்கவில்லை. தெலுங்கு காய்கறி வாங்கும் அளவுக்குத்தான் வரும். ஒரே மகன் புனேயில் வேலையில் இருந்தான்.

தமிழ்க் குடும்பம் என்றதும் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். அதனாலேயே இன்னும் விறைப்பாக இருந்தேன். ‘நம்ம ஆள்’ என்று சலுகை காட்டியதாக ஒரு பேச்சு வந்துவிடக் கூடாதே. அவர்கள் கொடுத்த காப்பியைக் கூட மூன்றாவது முறை போனபோதுதான் குடித்தேன். நல்ல காப்பி. இரண்டு தடவை வீணாக்கிவிட்டேன்.

வீட்டு விசாரணையில் எல்லோரிடமும் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. “குழந்தையோட அம்மா குணமாகி வந்து கேட்டா, குடுத்துருவீங்களா?” கேட்டு முடிப்பதற்குள் எல்லோரும் “கண்டிப்பா மேடம்” என்பார்கள். கோபாலும் “ஹவ் மேடம், அதுக்கென்ன” என்றார். ஹவ் என்றால் ஆமாம், இந்த ஊர் உருது. வடிவு உடனே பதில் சொல்லவில்லை. சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு யோசித்தார்.

“குடுத்துத்தான மேடம் ஆகணும். அவ பெத்த பிள்ள. ஆனா நான் அழுவேன். அழப்பிடாதுன்னு ரூல் எதுவும் இருக்கா?”

நான் சிரிக்கவில்லை. அறிக்கையில் அவர் பெயருக்கு எதிரே ‘உணர்ச்சிவசப்படுபவர்’ என்று எழுதினேன். குறை என்று நினைத்துத்தான் எழுதினேன். யோசித்துப் பதில் சொன்ன ஒரே ஆள் அவர் என்பது அப்போது என் புத்தியில் ஏறவில்லை.

குழு முதலில் மூன்று மாதத்துக்குத் தற்காலிகமாகக் குழந்தையை அவர்களிடம் விட்டது. அதற்குப் பிறகு இறுதி முடிவு. வந்த குழந்தை ஸ்வப்னா, நாலு வயது. அம்மா யாதம்மா உப்பல் பக்கம் கட்டட வேலை செய்தவள். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். அவளுக்குக் காசநோய் முற்றி அரசு மருத்துவமனையில் படுத்தபோது பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நாதியில்லை. விடுதியில் இருந்த நாலு மாதமும் அந்தக் குழந்தை சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடும். பேச்சே கிடையாது. டாக்டர் காதைச் சோதித்தார், குறை எதுவும் இல்லை.

அதன் தலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இடுப்புவரை முடி. ஒருநாளும் வெட்டாத முடி, சிக்குப் பிடித்துச் சடையாகி, பின்கழுத்துக்கு மேல் ஒரு கறுப்புக் கயிறும் அதில் ஒரு சோழியும் முடிந்திருக்கும். விடுதியில் தொடப் போனாலே கடித்து வைத்துவிடும் என்று விட்டுவிட்டார்கள். நான் கோப்பில் எழுதியது இது: ‘தலை பராமரிப்பின்றி உள்ளது. அழுக்குக் கயிறு ஒன்று சிக்கியுள்ளது. தாயின் கவனக்குறைவு தெரிகிறது.’ அந்த மூன்று வாக்கியங்களை இன்று வாசித்தால் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

அல்வால் வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரம் ஸ்வப்னா கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து, வடிவு தோசை சுடுவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட ஆரம்பித்தாள். வடிவு இதை போனில் சொன்னபோது குரல் தழுதழுத்தது. உணர்ச்சிவசப்படுகிறார் பார், என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் இன்னொரு போன். நான் உப்பல் போகும் பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். ஒரு கையில் கம்பி, தோளில் பை, காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன். கண்டக்டர் டிக்கெட் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்.

“மேடம், பிள்ளைக்குத் தலையெல்லாம் பேனு. புண்ணு வச்சுப்போச்சு. பக்கத்து நர்சரில சேக்க மாட்டேங்காவ. என்ன செய்ய?”

“மொட்டை போட்டுடுங்க.”

“அதான் மேடம் யோசனையா இருக்கு. இது முத முடியா இருக்குமோன்னு தோணுது. எங்கூர்ல சாமிக்கு நேந்துக்கிட்டா இப்படித்தான் வெட்டாம வச்சிருப்பாவ. அந்தக் கயித்தப் பாத்தாலும் யாரோ வேணும்னு முடிஞ்ச மாரி இருக்கு. நான் வேணும்னா வேப்பெண்ணெ தேச்சு, தெனமும் சீப்பு போட்டு எடுத்துருதேன். பத்து நாளாவும்.”

பத்து நாள் எனக்கு இல்லை. வெள்ளிக்கிழமை குழுவுக்கு இடைக்கால அறிக்கை போக வேண்டும். அதில் குழந்தையின் போட்டோ ஒட்ட வேண்டும். விடுதியில் எடுத்த பழைய போட்டோ, வீட்டுக்கு வந்த பிறகு எடுத்த புதிய போட்டோ, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். நம் தொழிலில் இந்த ஜோடிப் போட்டோவுக்கு இருக்கும் மவுசு உங்களுக்கும் சீக்கிரம் புரியும். புதுப் போட்டோவில் குழந்தை பளிச்சென்று இருக்க வேண்டும் என்று என் மனசு அடித்துக்கொண்டது. சிக்குத் தலையோடு ஒட்டினால் என் வேலை நடக்காத மாதிரி இருக்குமே.

“அதெல்லாம் பார்த்துக்கிட்டு இருந்தா முடியுமா வடிவு? புண்ணு சீழ் வெச்சா யார் பதில் சொல்றது? இன்னைக்கே எடுத்துடுங்க. நான் சொல்றேன்.”

“நீங்க சொல்லுதியன்னா சரி மேடம்.”

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. டிக்கெட் வாங்கினேன், போனைப் பையில் போட்டேன், மறந்தும் போனேன். யாதம்மா படுத்திருந்த வார்டின் செவிலியர் நம்பர் அதே போனில் இருந்தது. ‘உன் பிள்ளைக்கு முடி எடுக்கலாமாம்மா?’ என்று கேட்க இன்னொரு நிமிஷம் போதும். அது எனக்குத் தோன்றவே இல்லை. அவள் நோயாளி, கோப்பில் ஒரு பெயர். அந்த முடியை யாரோ வேண்டிக்கொண்டு வைத்திருப்பார்கள் என்று வடிவுக்குத் தோன்றியது, சம்பளம் வாங்கிய எனக்குத் தோன்றவில்லை. போட்டோ ரொம்ப நன்றாக வந்திருந்தது.

ஒரு மாதம் கழித்து யாதம்மாவின் நோய் தொற்றும் கட்டத்தைத் தாண்டிவிட்டது, பிள்ளையைப் பார்க்கலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். வியாழக்கிழமை எங்கள் அலுவலகத்தில் சந்திப்பு ஏற்பாடு செய்தோம். வற்றிப்போன உடம்பு, முகத்தில் முகமூடி, கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட். கோபாலும் வடிவும் ஸ்வப்னாவைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார்கள். மொட்டைத் தலையில் ஒரு விரற்கடை முடி முளைத்திருந்தது.

அம்மாவைப் பார்த்ததும் குழந்தை ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டது. யாதம்மா குனிந்து தலையைத் தொட்டாள். கை பின்கழுத்துக்குப் போய் எதையோ தேடியது. மறுபடி தேடியது. பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் தெலுங்கில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். “புட்டு வெண்ட்ருக்கலு... பொறந்த முடிம்மா அது. இவளுக்கு முன்னாடி ரெண்டு பிள்ளைங்க தங்கலை. இவ தங்கினா அஞ்சாம் வயசுல ஊர் எல்லம்மாகிட்ட முடி எடுக்கறேன்னு மொக்கு வெச்சிருந்தேன். கத்தி படாம காப்பாத்தினேன். எல்லம்மா சோழிய எங்கே? எங்கேம்மா?”

மொக்கு என்றால் நேர்த்திக்கடன். எல்லம்மா அவள் ஊர்த் தெய்வம். அவள் வடிவைப் பார்த்தாள். “என் பிள்ளைய உங்க பிள்ளையாக்கிட்டீங்க. என்கிட்ட வேற எதுவும் இல்ல, அந்த முடி மட்டும்தான் இருந்துச்சு.” பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள். “இவங்க வீட்ல வேணாம். விடுதிலயே போடுங்க. அங்க யாரும் இவள சொந்தம் கொண்டாட மாட்டாங்க.”

சத்தம் கேட்டுக் குழுவின் தலைவி உள்ளே வந்தார். பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். குரலை உயர்த்தாமலே எதிரில் இருப்பவரை எழுந்து நிற்கவைப்பார். அவர் கேட்டது ஒரே கேள்வி. “முடி எடுக்கச் சொன்னது யார்?”

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் கோபால் முந்திக்கொண்டார். “நாங்கதான் மேடம். பேன் இருந்துச்சு. தெரியாம பண்ணிட்டோம்.” வடிவு தலையைக் குனிந்துகொண்டார். நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

பிள்ளைகளே, போனில் அவசரப்பட்டது தப்பு. அதை மன்னிக்கலாம், வேலையில் அவசரம் இருக்கத்தான் செய்யும். இந்த வாயை மூடியது தப்பு இல்லை, கேவலம். கையில் கோப்போடு, கழுத்தில் அடையாள அட்டையோடு, சேலை கசங்காமல் நான் அங்கே நின்றிருந்தேன்.

திங்கட்கிழமை விசாரணை வைத்து இந்த வீட்டின் அங்கீகாரத்தைப் பற்றி முடிவு செய்யலாம், அதுவரை குழந்தை அல்வாலிலேயே இருக்கட்டும் என்று தலைவி சொன்னார். திங்கட்கிழமை என்ன ஆகும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். பெற்ற தாயே வேண்டாம் என்கிறாள், வீட்டுக்காரர்களே ஒத்துக்கொண்டுவிட்டார்கள். ஸ்வப்னா மறுபடி கட்டிலுக்கு அடியில் போவாள்.

என் மேலதிகாரியிடம் நடந்ததைச் சொன்னேன். கெட்டவர் இல்லை, அனுபவஸ்தர். “எழுத்துல ஏதாவது குடுத்தியா? இல்லைல்ல? அப்ப சும்மா இரு. இந்தத் திட்டமே இப்பதான் தவழுது. நம்ம ஆளே தப்பு பண்ணினான்னு வெளிய வந்தா நாளைக்கு ஒரு குடும்பமும் விண்ணப்பம் போடாது. பத்துப் பிள்ளைங்களோட எதிர்காலத்தப் பாரு.”

கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா? பத்துப் பிள்ளைகள், எதிர்காலம், திட்டம். பெரிய காரணம் ஒன்று கையில் கிடைத்துவிட்டால் சின்னத்தனம் செய்வது ரொம்பச் சுலபம். வெள்ளி முழுக்க அந்தக் காரணத்தைக் கட்டிக்கொண்டே திரிந்தேன். சனிக்கிழமை காலை அல்வாலுக்குப் போனேன். விசாரணைக்கு முன் அவர்களிடம் விளக்கக் கடிதம் வாங்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் திங்கட்கிழமை என் பெயரைச் சொல்வார்களா என்று தெரிந்துகொள்ளத்தான் போனேன்.

கோபால் கதவைத் திறந்ததுமே பேச்சை முடித்துவிட்டார். “டென்ஷன் நக்கோ மேடம். உங்க பேரை இழுக்க மாட்டோம். உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா எங்களுக்கு யாரு எழுதுவாங்க? கைக்கு உங்களையும் மாட்டி விடணும்?” நக்கோ என்றால் வேண்டாம், கைக்கு என்றால் எதுக்கு.

நான் எதற்கு வந்தேனோ அது கிடைத்துவிட்டது. கிடைத்த பிறகு உட்காரவும் முடியவில்லை, கிளம்பவும் முடியவில்லை. வடிவு காப்பி கொண்டுவந்து வைத்தார். அன்று அவர் முகத்தில் மரியாதை இருந்தது, பிரியம் இல்லை.

“நான் கேட்டேன்லா மேடம்” என்றார்.

அவ்வளவுதான். இரண்டு நாளாக அடக்கி வைத்த வார்த்தை. என்னை யாரும் அதற்கு முன்னும் பின்னும் அப்படிச் செருப்பால் அடித்ததில்லை.

“கேட்டீங்க” என்றேன். “நான்தான் காதுல வாங்கல.”

அவர் உள்ளே போனார். பூஜை அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். திறந்தால் மஞ்சளில் நனைத்துக் காயவைத்த துணி முடிச்சு. அவிழ்த்தார். உள்ளே அந்த முடி. அலசிக் காயவைத்து, சுருட்டி வைத்திருந்தார். கறுப்புக் கயிறும் சோழியும் அவிழ்க்காமல் அப்படியே அந்தச் சடையில் இருந்தன.

“கடைல மொட்ட போடச் சொன்னேன், பார்பர் குப்பைல தள்ளப் பாத்தாரு. நான்தான் அள்ளிக்கிட்டேன். நம்ம வீட்டு முடி இல்லலா? யாரு எதுக்கு வச்சாவளோ, அவ வந்தா குடுக்கணும்லான்னு தோணிச்சு. அன்னிக்கு ஆபீஸ்ல அவ அழுத அழுகைல எனக்கு நாக்கே பெரளல. தெலுங்கும் வரல. இப்ப இதக் கொண்டுபோய்க் காட்டுனா கோவம் கூடிருமோன்னும் பயமா இருக்கு.”

எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை, ஸ்வப்னா மேசை ஓரத்தில் நின்றிருந்தாள். எக்கி, சோழியை ஒரு விரலால் தொட்டாள். “அம்மதி” என்றாள்.

தெலுங்கில் ‘அம்மாவுடையது’ என்று அர்த்தம். அந்தக் குழந்தை பேசி நான் கேட்ட முதல் வார்த்தை. வடிவு வாயைப் பொத்திக்கொண்டார். கோபால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஆறிப்போன காப்பியை நான் ஒரே மடக்கில் குடித்தேன், வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

“திங்கக்கிழமை இந்த டப்பாவ எடுத்துட்டு வாங்க” என்றேன். “மத்தத நான் பேசறேன். நீங்க குறுக்க பேசக் கூடாது, கோபால். தயவுசெஞ்சு எனக்காக இனிமே பொய் சொல்லாதீங்க.”

“மேடம், உங்க வேலை...”

“அத நான் பாத்துக்கறேன்.”

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினேன். வாழ்க்கையில் எத்தனையோ அறிக்கை எழுதியிருக்கிறேன், இந்த ஒரு பக்கத்துக்கு ஏழு தடவை தாளைக் கிழித்தேன். முதல் ஆறிலும் ‘சூழ்நிலை காரணமாக’, ‘மருத்துவ அவசரம் கருதி’ என்று ஏதாவது ஒட்டிக்கொண்டே வந்தது. ஏழாவதில் அவற்றை எடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை விசாரணை அறையில் யாதம்மா ஒரு பக்கம், வடிவும் கோபாலும் ஒரு பக்கம். ஸ்வப்னாவை வெளியே ஓர் உதவியாளர் பார்த்துக்கொண்டார். தலைவி கோப்பைத் திறப்பதற்குள் நான் எழுந்து அந்தத் தாளைக் கொடுத்தேன். எழுதியதை யாதம்மாவுக்குப் புரியும்படி தெலுங்கில் வாயாலும் சொன்னேன். “முடிய எடுக்கச் சொன்னது நான். இவங்க வேண்டாம்னாங்க. முதல் முடியா இருக்குமோன்னு கேட்டாங்க, எண்ணெய் வெச்சு சீவிக்கறேன்னாங்க. நான்தான் கேக்கல. உங்ககிட்ட கேக்கணும்னுகூட எனக்குத் தோணல. வியாழக்கிழமை இவங்க பழிய ஏத்துக்கிட்டப்ப நான் பேசாம நின்னேன். அதுவும் என் தப்பு.”

தலைவி கண்ணாடியைக் கழற்றினார். “இதனால உங்களுக்கு என்ன வரும்னு தெரியும்ல?”

“தெரியும்.”

“சரி. உக்காருங்க.”

வடிவு டப்பாவை எடுத்துக்கொண்டு போய் யாதம்மாவின் மடியில் வைத்தார். யாதம்மா முடிச்சை அவிழ்த்தாள். சோழியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். முடியை முகர்ந்து பார்த்தாள். அவள் அழவில்லை. எனக்குத்தான் அந்த அறையில் முதலில் கண்ணில் தண்ணீர் வந்தது, நான்தான் உணர்ச்சிவசப்படாதவள்.

“மஞ்சள்ல வெச்சது யாரு?” என்று கேட்டாள். வடிவு தன்னைத் தொட்டுக் காட்டினார். “எதுக்கு வெச்சே?”

வடிவு தனக்குத் தெரிந்த தெலுங்கைத் தேடினார். கிடைத்தது ஒரே வார்த்தை. “நீதி” என்றார். தெலுங்கில் ‘உன்னுடையது’.

யாதம்மா சோழியை விரல்களுக்குள் மூடிக்கொண்டாள். உடனே மனம் இரங்கிக் கட்டிக்கொண்டாள் என்றெல்லாம் நினைக்காதீர்கள். அவள் கோபம் அவளுக்கு உரியது. முகமூடியைச் சரிசெய்துகொண்டு தலைவியிடம் திரும்பினாள். “எனக்குக் குணமாகிற வரைக்கும் பிள்ள இந்தம்மாகிட்ட இருக்கட்டும். ஆனா நான் வர்ற வரைக்கும் தலைல கத்தரி படக் கூடாது. முளைக்கறது முளைக்கட்டும். எல்லம்மாவுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்.” பிறகு என்னை விரலால் காட்டினாள். “இந்தம்மா சொன்னாலும் படக் கூடாது.”

நான் தலையாட்டினேன். வடிவு என்னிடம் மெதுவாகக் கேட்டார். “சீப்பு மட்டும் வைக்கலாமான்னு கேளுங்க மேடம்.” கேட்டுச் சொன்னேன். யாதம்மா முகமூடிக்குப் பின்னால் சிரித்த மாதிரி இருந்தது. வைக்கலாம் என்றாள்.

அன்றே அங்கீகாரம் கிடைத்தது. எனக்கு மெமோ கிடைத்தது. ஆறு மாதம் வெளிவேலை இல்லை, பழைய கோப்புகளை அடுக்கும் அறையில் உட்காரவைத்தார்கள். தூசி தும்மல் தவிர வேறு நஷ்டம் இல்லை. மேலதிகாரி பயந்த மாதிரி விண்ணப்பங்கள் நின்றுவிடவும் இல்லை. அல்வாலிலேயே அதே தெருவிலிருந்து இன்னொரு குடும்பம் விண்ணப்பித்தது. வடிவு சொல்லித்தான் வந்தோம் என்றார்கள்.

ஒரு வருஷத்துக்கும் மேல் ஆயிற்று. யாதம்மா தேறினாள், உப்பலில் ஓர் அறை பார்த்தாள், ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை கிடைத்தது. பிள்ளையைத் திருப்பி ஒப்படைக்கும் உத்தரவு வந்தது. கையெழுத்துப் போடும்போது வடிவு சொன்னபடியே அழுதார். ரூல் எதுவும் இல்லை என்று அவர் காதில் சொன்னேன். என் பழைய அறிக்கையில் ‘உணர்ச்சிவசப்படுபவர்’ என்ற இடத்தை அடித்து, பக்கத்தில் ‘கேட்டதற்கு உண்மையைச் சொல்பவர்’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

அடுத்த மாதம் யாதம்மா எங்களுக்குச் சொல்லி அனுப்பினாள். ஊரில் எல்லம்மா கோயிலில் முடி இறக்குகிறாள், கோபால், வடிவு, நான் மூன்று பேரும் வர வேண்டும். போனோம். வேப்பமரத்தடியில் சின்னக் கோயில். மஞ்சள் துணி முடிச்சைச் சாமி காலடியில் வைத்தார்கள். ஸ்வப்னாவின் தலையில் புதிதாக வளர்ந்த முடி கழுத்தைத் தொட்டது, பின்னால் பழைய கயிறும் சோழியும் கட்டியிருந்தன. கத்தி தீட்டியாயிற்று. தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார வைக்க வேண்டும். நம் ஊர் வழக்கம்தான் அங்கேயும். பூசாரி “மேனமாம எவரு?” என்று கேட்டார், தாய்மாமன் யார் என்று.

யாதம்மாவுக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. அவள் கூட்டத்தைத் தாண்டி கோபாலைப் பார்த்தாள். “வா அண்ணா, உக்காரு” என்றாள்.

கோபாலுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. “நானா? கைக்கு, நான் எப்படி...” என்று தடுமாறினார். வடிவு முதுகில் ஒரு தள்ளு தள்ளினார். “போய் உக்காருங்க, பிள்ள நிக்கால்லா.” வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஸ்வப்னா அந்த மடியில் ஏறி, கத்திக்குத் தலையைக் குனிந்தாள். கடிக்கவில்லை.

திரும்பி வந்து வழக்கை முடிக்கும் படிவத்தை நிரப்பினேன். அந்தக் கட்டம் வந்தது. விண்ணப்பதாரருக்கும் குழந்தைக்கும் உள்ள உறவு. கை தானாக ‘ஏதுமில்லை’ என்று எழுதப் போனது, நிறுத்திக்கொண்டேன். ‘தாய்மாமன், அத்தை’ என்று எழுதினேன்.

ரத்த சம்பந்தம் இல்லாததால் திருத்தி அனுப்பவும் என்ற குறிப்போடு மேலிடத்திலிருந்து படிவம் திரும்பி வந்தது. புதுப் படிவம் எடுத்து மறுபடி அதையே எழுதி அனுப்பினேன். அதுவும் திரும்பி வந்தது. மூன்றாவது படிவத்திலும் தாய்மாமன், அத்தை என்றே எழுதி, கீழே ‘தாயிடம் கேட்டு எழுதப்பட்டது’ என்று சேர்த்தேன். அது திரும்பி வரவில்லை.